வலிக்கும் மருந்துக்கும் நடுவே 12 வாரம்: சொரியாசிஸ் மூட்டுவாதத்தில் எதை எடுப்பது, எதை விடுவது?

"மெத்தோட்ரெக்சேட் ஆரம்பித்து மூன்று வாரம் ஆயிற்று. வலி அப்படியே இருக்கிறது. வலி மாத்திரை போடலாமா, ஸ்டீராய்டு கேட்டு வாங்கலாமா, இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாமா?"

சொரியாசிஸ் என்ற தோல் நோயோடு மூட்டு வீக்கமும் சேர்ந்து வந்து, மெத்தோட்ரெக்சேட் என்ற மெதுவாக வேலை செய்யும் மருந்தை ஆரம்பித்தவர்கள் கேட்பது இது. கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், கேள்வி ஒன்றுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன். வலது கை மோதிர விரல் பூவன் பழம் மாதிரி வீங்கியிருந்தது. காலையில் எழுந்ததும் குதிகாலைத் தரையில் வைக்க முடியாது. சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுவாள், வண்டியின் கிளட்சை அவளால் பிடித்துத் தர முடியாதே என்பதால் ஆபீசுக்கு பஸ். சரியான மருந்து ஆரம்பித்தாகிவிட்டது என்பது மனதுக்குத் தெரியும். மூட்டுக்குத் தெரிய மாதங்கள் ஆயின.

அந்த இடைப்பட்ட நாட்களை ஓட்டக் கையில் இருக்கும் வழிகளைத்தான் இங்கே ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. நோயாளியாக இருந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டவன். மருந்தின் அளவையும் சேர்க்கையையும் உங்கள் மூட்டுவாத டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

## ஏன் இவ்வளவு நாள்?

வலி மாத்திரை அந்த நேரத்துக்கு வலியையும் வீக்கத்தையும் தூண்டும் பொருட்களைத் தடுக்கிறது, அவ்வளவுதான். மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசின், லெஃப்ளூனமைடு எல்லாம் வேறு ரகம். தாறுமாறாக ஓடும் நோய் எதிர்ப்பு மண்டலத்தை மெல்ல மெல்லக் கட்டுக்குள் கொண்டுவருபவை. மெத்தோட்ரெக்சேட்டில் முதல் மாற்றம் தெரியவே 6 முதல் 8 வாரம் ஆகலாம். நன்றாகத் தெரிய 3 மாதம், சிலருக்கு அதற்கு மேலும். சல்ஃபாசலசினும் ஏறக்குறைய அப்படித்தான். அப்ரெமிலாஸ்ட் என்றால் நான்கு மாதம் வரை பொறுத்துப் பார்க்கச் சொல்வார்கள். டோஃபாசிடினிப் மாத்திரையிலும், அடாலிமுமாப், செகுகினுமாப் மாதிரியான பயாலஜிக் ஊசிகளிலும் (அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தடுப்பவை) சிலருக்கு 2 முதல் 4 வாரத்திலேயே வித்தியாசம் தெரிகிறது.

பலர் ஏமாறுவது இந்த வாரக்கணக்கில்தான். மெத்தோட்ரெக்சேட்டைப் பெரும்பாலும் வாரத்துக்கு 7.5 அல்லது 10 மில்லிகிராமில் தொடங்கி, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து 15, 20 என்று ஏற்றுவார்கள். ஆகவே மூன்று மாதக் கணக்கைப் போதுமான அளவுக்கு வந்த நாளிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள், முதல் மாத்திரையிலிருந்து அல்ல. "நாலு மாதமாகச் சாப்பிடுகிறேன், ஒன்றுமில்லை" என்பவரில் சிலர் உண்மையில் ஆறு வாரம்தான் சரியான அளவில் இருந்திருப்பார்கள்.

இந்த மருந்துக்கு நம் பக்கத்தோடு ஒரு தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் உருவான குடும்பம்தான் அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும். ரத்தப் புற்றுநோய்க்காகப் பிறந்தவை. அமினோப்டெரின் சொரியாசிசையும் தணிக்கிறது என்று 1951இல் கப்னர் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். ஒரே மருந்து தோலுக்கும் மூட்டுக்கும் கேட்கிற கதை அங்கே தொடங்குகிறது.

ஒரு விதிவிலக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் முக்கியத் தொந்தரவு முதுகுத்தண்டில் என்றால், அதாவது விடியற்காலையில் இடுப்பும் முதுகும் விறைத்து, நடக்க நடக்கத் தளர்கிற வலி என்றால், மெத்தோட்ரெக்சேட்டுக்காகக் காத்திருப்பதில் பலன் இல்லை. அது முதுகுத்தண்டு அழற்சியில் வேலை செய்வதில்லை. அங்கே வலி மாத்திரையே முதல் மருந்து, அது போதாவிட்டால் பயாலஜிக் பக்கம் போவார்கள். "எனக்கு வலி முதுகில்தான் அதிகம்" என்பதை டாக்டரிடம் தனியாக அழுத்திச் சொல்லுங்கள். கையைக் காட்டிவிட்டு வருகிற அவசரத்தில் முதுகு விட்டுப்போகிறது.

## எதை வைத்து எடை போடுவது?

ஐந்து கேள்விகள். ஒவ்வொரு வழியையும் இவற்றின் முன்னால் நிறுத்திப் பார்க்கலாம்.

1. எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தூரம் வலியைக் குறைக்கும்?
2. தோல் என்ன சொல்லும்?
3. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிபி, கிட்னி, வயிற்றுப்புண் இவற்றோடு ஒத்துப்போகுமா?
4. அசல் மருந்து வேலை செய்கிறதா என்பதை மறைத்துவிடுமா?
5. 12 வாரத்துக்கு மொத்தச் செலவு என்ன? மாத்திரை விலை மட்டுமல்ல, துணை மாத்திரை, பரிசோதனை, லீவு எல்லாம் சேர்த்து.

இரண்டாவது கேள்விதான் நம் நோய்க்கே உரியது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு முடக்குவாதம், அவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள், நன்றாக இருக்கிறார், எனக்கு மட்டும் ஏன் தரமாட்டேன் என்கிறார்கள் என்ற புலம்பலுக்குப் பதில் இதில் இருக்கிறது. அவருக்கு மூட்டு மட்டும்தான் நோய், நமக்கு மூட்டும் தோலும். தோலில் அடிபட்ட, உரசிய, சுட்ட இடத்தில் புதிதாகச் சொரியாசிஸ் படை கிளம்புவது உண்டு. கோப்னர் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. எல்லாருக்கும் நடக்காது, ஆனால் ஒத்தடம், கட்டு, உருவிவிடுதல் என எதைச் செய்தாலும் நாம் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

## வலி மாத்திரைகள்: நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப், அசிகுளோஃபெனாக் வகையறா

பெரும்பாலானவர்களுக்கு முதல் வழி இதுதான். ஒரு வேளைக்குள்ளேயே வலி இறங்கத் தொடங்கும். வீக்கமும் காலை விறைப்பும் குறைய, டாக்டர் சொன்ன அளவில் ஒரு வாரம், இரண்டு வாரம் விடாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் நம்மில் பலர் தவறு செய்கிறோம். தாங்க முடியாத அன்று ஒன்று, மறுநாள் பயந்து நிறுத்தம், மூன்றாம் நாள் மறுபடி ஒன்று. அப்படிப் போட்டால் வலி கொஞ்சம் அடங்கும், அழற்சி அடங்காது. ஒன்று இரண்டு வாரத்தில் கேட்கவில்லை என்றால் அதே வகையில் வேறொன்றுக்கு மாற்றலாம். ஒருவருக்குக் கேட்கிற மாத்திரை இன்னொருவருக்குக் கேட்காமல் போவது இதில் சகஜம்.

தோலுக்குப் பொதுவாகப் பெரிய தொந்தரவு இல்லை. மெத்தோட்ரெக்சேட்டின் பலனை மறைக்குமா என்றால், ஓரளவு மறைக்கும். ஆனால் வீங்கிய மூட்டின் எண்ணிக்கையும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவும் டாக்டருக்கு வழி காட்டும்.

சிக்கல் மூன்றாவது கேள்வியில். வயிறு, கிட்னி, பிபி, இதயம் ஆகிய நான்கையும் இவை தொடும். நாப்ராக்சென் இதயத்துக்கு மற்றவற்றைவிடப் பரவாயில்லை, வயிற்றுக்குக் கடுமை. எட்டோரிகாக்சிப் வயிற்றுக்குக் கொஞ்சம் சாந்தம், பிபியை ஏற்றும். பிபி கட்டுக்குள் இல்லாதவர் அதைத் தொடக்கூடாது. அதே குடும்பத்து ரோஃபெகாக்சிப் 2004இல் மாரடைப்பு ஆபத்தால் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது ஞாபகம் இருக்கலாம்.

கிட்னி விஷயம் இன்னும் நுட்பமானது. நம் ஊரில் ஐம்பது வயதுக்காரர் பலர் பிபிக்கு ஏதாவது மாத்திரை போடுகிறார்கள். டெல்மிசார்டானோடு நீர் பிரியும் மருந்தும் சேர்ந்த மாத்திரை என்றால், அதன் மேல் வலி மாத்திரையும் ஏறும்போது கிட்னி மூன்று பக்கமும் நெருக்கப்படுகிறது. வெயில் காலத்தில் தண்ணீர் குறைவாகக் குடித்தால், அல்லது வயிற்றுப்போக்கு வந்தால், சிக்கல் சீக்கிரம் வரும். (டைக்ளோஃபெனாக் செலுத்தப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்று பாறு கழுகுகள் செத்து விழுந்தது கிட்னி பழுதாகித்தான். 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதனின் கிட்னி கழுகினுடையது அல்ல என்றாலும் எனக்கு அந்தச் செய்தி மனதில் ஒட்டிக்கொண்டது.) போதாததற்கு மெத்தோட்ரெக்சேட் உடம்பை விட்டு வெளியேறுவதும் கிட்னி வழியாகத்தான். வாரம் ஒருமுறை எடுக்கும் சின்ன அளவோடு இவற்றைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம்தான், ஆனால் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள்.

மறைந்திருக்கும் செலவைக் கணக்கிடுங்கள். நாளுக்கு 2 என்றால் 12 வாரத்துக்கு 168 மாத்திரை. வயிற்றைக் காக்கப் பான்டாப்ரசோல், அதாவது நாம் கேஸ் மாத்திரை என்கிறோமே அது, தினம் ஒன்று வீதம் 84. அப்புறம் ரத்தப் பரிசோதனை. பழைய, பொதுப்பெயர் மாத்திரைகள் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கிடைத்தால் செலவு வெகுவாகக் குறையும்.

இன்னொரு பொறி: மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலப்பு மாத்திரைகள். அசிகுளோஃபெனாக், பாராசிட்டமால், கூடவே தசை தளர்த்தும் ஏதோ ஒன்று என்று மூன்று மருந்து ஒரே மாத்திரையில் இருக்கும். டாக்டர் எழுதிய நாப்ராக்சென் ஒரு பக்கம், வலி தாங்காமல் கடையில் வாங்கிய இது ஒரு பக்கம். இரண்டும் ஒரே வகை என்று தெரியாமல் இரட்டிப்பு அளவு போய்க்கொண்டிருக்கும். அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

இதுவும் நம் ஊர்க்காரர்களுக்குத்தான்: மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். டெங்குவாக இருந்தால் இவை ரத்தக்கசிவைக் கூட்டும். அந்த வார மெத்தோட்ரெக்சேட்டைப் போடலாமா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.

## பாராசிட்டமால்

பாதுகாப்பானது, மலிவு, ஆனால் அழற்சியைத் தொடாது. வீங்கிய விரலுக்கு இது மட்டும் போதாது. வலி மாத்திரை எடுக்க முடியாதவர்களுக்கும், இரவில் கூடுதலாக ஒரு கை கொடுக்கவும் சரி. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே ஏறக்குறைய 4 கிராம், நல்ல உடம்புக்காரருக்கே அதுதான் ஒரு நாளின் உச்சம். மெத்தோட்ரெக்சேட் கல்லீரலைக் கவனிக்க வைக்கும் மருந்து என்பதால் நமக்கு டாக்டர்கள் பெரும்பாலும் அதைவிடக் குறைத்தே சொல்கிறார்கள்.

## ஸ்டீராய்டு மாத்திரை, இடுப்பு ஊசி

இந்தப் பகுதியை எழுதத்தான் கட்டுரையையே தொடங்கினேன்.

1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், படுக்கையில் கிடந்த முடக்குவாத நோயாளிக்குக் கார்டிசோன் கொடுத்தார். சில நாளில் அந்தப் பெண் நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு. அழற்சியை அடக்குவதில் அதற்கு ஈடான வேகம் இன்றைக்கும் வேறு வலி மருந்துக்கு இல்லை. பிரெட்னிசோலோன் போட்ட ஓரிரு நாளில் கை மடங்கும், கால் நடக்கும். முதல் கேள்வியில் இதற்குத்தான் முதல் மதிப்பெண்.

எனக்கு நடந்தது இது. மெத்தோட்ரெக்சேட் ஆரம்பித்து ஐந்தாவது வாரம், தங்கை மகள் கல்யாணம். பந்தியில் உட்கார முடியாதே என்ற கவலையில், எங்கள் மூட்டுவாத டாக்டரிடம் சொல்லாமல் வீட்டுப்பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் போய் நின்றேன். "ஒரே ஊசி, எல்லாம் சரியாகிவிடும்" என்றார்கள். இடுப்பில் போட்டார்கள். பத்து நாள் சொர்க்கம். கல்யாணத்தில் வாழை இலை எடுத்துப் பரிமாறினேன். ஊசி போட்ட மூன்றாவது வாரம் முதுகு முழுக்கச் சிவந்து, முழங்கையில் மட்டும் இருந்த படை தொடை வரை வந்துவிட்டது. இது அந்த ஊசியால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் டாக்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் மாறிய விதம் நினைவிருக்கிறது.

உடம்பு முழுக்கப் போகும் ஸ்டீராய்டை நிறுத்தும்போது சொரியாசிஸ் திமிறி எழுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த ஆபத்து. அரிதாக, சீழ்க்கொப்புள வகையாகவோ உடல் முழுக்கச் சிவக்கும் வகையாகவோ மாறி ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகலாம். எல்லாருக்கும் நடப்பதில்லை. அதனால்தான் முற்றிலும் தடை என்று இல்லாமல், வேறு வழியில்லாதபோது மிகக் குறைந்த அளவில், மிகக் குறைந்த நாளுக்கு என்று வைத்திருக்கிறார்கள்.

மற்றவை: சர்க்கரை ஏறும், பிபி ஏறும், தூக்கம் கெடும், முகம் ஊதும். சிஆர்பியும் வீக்கமும் ஒன்றாக இறங்கிவிடுவதால் மெத்தோட்ரெக்சேட் வேலை செய்ததா, ஸ்டீராய்டு செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். நான்காவது கேள்வியில் இதற்குச் சுழியம். மாத்திரை விலையோ மிகக் குறைவு. அந்த மலிவுதான் ஆளை இழுப்பது. ஏற்கெனவே சில வாரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

எப்போது இதுவே சரி? பல மூட்டுகள் ஒரே சமயத்தில் வீங்கி, எழுந்து கழிவறைக்குக்கூடப் போக முடியாத நிலை, வலி மாத்திரை எடுக்கக் கிட்னி இடம் தரவில்லை என்ற கட்டம். அப்போதும் எப்படி இறக்குவது என்ற திட்டத்தை முதல் நாளே எழுதி வாங்கிக்கொண்டு.

## மூட்டுக்குள் போடும் ஊசி

அதே ஸ்டீராய்டுதான், ஆனால் உள்ளூரிலேயே வேலை பார்ப்பது. ஒரு முழங்கால், ஒரு மணிக்கட்டு என்று ஒன்றிரண்டு மூட்டு மட்டும் ஆளை முடக்கினால் என் மதிப்பீட்டில் இதுவே சிறந்த பாலம். சில நாளில் வலி இறங்கும், வாரக்கணக்கில், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட நிற்கும். காத்திருக்க வேண்டிய காலமும் ஏறக்குறைய அதுதானே. மருந்தின் பெரும்பங்கு மூட்டுக்குள்ளேயே தங்குவதால் மாத்திரை அளவுக்குத் தோலைச் சீண்டாது, மற்ற மூட்டுகளை வைத்து மெத்தோட்ரெக்சேட்டின் பலனையும் எடைபோட முடியும்.

ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் கவனியுங்கள். போட்ட பிறகு சில நாள், சில சமயம் ஒரு வாரம் வரை சர்க்கரை ஏறி நிற்கும். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். படை உள்ள தோலின் வழியாக ஊசியை இறக்காமல் தவிர்ப்பார்கள். ஒரே மூட்டில் வருடத்துக்கு 3, 4 முறைக்கு மேல் போடுவதில்லை. குதிகாலின் பின்பக்கத் தசைநாரில் போடத் தயங்குவார்கள், நாரே அறுந்துவிடும் ஆபத்து உண்டு. செலவு என்றால் மருந்தைவிடப் போடுபவரின் கட்டணமும், ஸ்கேன் பார்த்துப் போட்டால் அதற்கான தொகையும்தான். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. தனியாரில் கட்டுப்படி ஆகாதவர்கள் அங்கே போகலாம், காத்திருக்கும் நேரத்தைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு.

## ஜெல், ஒத்தடம்

டைக்ளோஃபெனாக் ஜெல் விரலுக்கும் முழங்காலுக்கும் நல்லது. ரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான், வயிற்றுக்காரர்களுக்கும் முதியவர்களுக்கும் ஏற்றது. வெடித்த படையின் மேல் தடவாதீர்கள். மிளகாய்ச் சத்து கலந்த எரிச்சல் களிம்புகள் சொரியாசிஸ் தோலுக்கு வேண்டாம்.

சூடா ஐசா என்ற பட்டிமன்றத்துக்கு எளிய தீர்ப்பு: மூட்டு சூடாக, சிவந்து வீங்கியிருந்தால் குளிர்ச்சி. விறைத்து மட்டும் இருந்தால் சூடு. ஐசைத் துண்டில் சுற்றி 10, 15 நிமிடம். காலையில் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடக் குளியல், கையை அந்த நீரிலேயே மூடித் திறக்கலாம். கொதிக்கக் கொதிக்க ஒத்தடம் கொடுத்துத் தோலைச் சுட்டுக்கொண்டால் அந்த இடத்தில் படை கிளம்பக்கூடும். குளித்து முடித்ததும் ஈரம் காயும் முன்னால் களிம்போ தேங்காய் எண்ணெயோ தடவிவிடுங்கள்.

## அசைவு, ஓய்வு, செருப்பு

இதைத் தனி வழியாக யாரும் எண்ணுவதில்லை. எனக்கு அதிகம் உதவியது இதுதான் என்றால் நம்பமாட்டீர்கள். தினமும் ஒவ்வொரு மூட்டையும் அதனால் முடிந்த எல்லை வரை மெதுவாக மடக்கி நீட்டுவது. பிசியோதெரபிஸ்டிடம் இரண்டு மூன்று முறை போய்க் கற்றுக்கொண்டால் போதும், பிறகு வீட்டில் செய்யலாம். அளவு தெரிய ஒரு வழக்கமான சோதனை உண்டு: பயிற்சி முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் முன்பிருந்ததைவிட வலி அதிகமாக இருந்தால், நாளைக்குப் பாதியாகக் குறையுங்கள்.

குதிகால் வலிக்கு எம்சிஆர் செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் உள்ளது. சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்பதால் நாம் பார்ப்பதில்லை, ஆனால் வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டு நடந்தபோதுதான் எனக்குக் காலை நேரம் பிழைத்தது. மொசைக் தரையில் வெறுங்காலோடு நடப்பதை மூன்று மாதம் மறந்துவிடுங்கள். மணிக்கட்டுக்கும் விரலுக்கும் பட்டை போடுவதானால் இறுக்காமல், உள்ளே பருத்தித் துணி வைத்து, இரவில் மட்டும். மிக்ஸி மூடி, குக்கர் கைப்பிடி, துணி பிழிவது மூன்றையும் வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். இதைக் கேட்க ஆண்களுக்கு இருக்கும் தயக்கத்தைவிடப் பெண்களுக்கு இருக்கும் தயக்கம் அதிகம் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

பணச்செலவு குறைவு, நேரச்செலவு அதிகம். தனியாக இது போதாது, எதோடும் சேர்க்கலாம்.

## தைலம், சூரணம், பொடி

வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுக்கும் தைலத்தைச் சித்த மருத்துவத்தில் சொரியாசிஸ் தோலுக்குத் தருகிறார்கள். தோலின் வறட்சிக்கும் செதிலுக்கும் அது இதமாக இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள். மூட்டுக்குள் நடக்கும் அழற்சிக்கு அதை நம்பி மருந்தை நிறுத்தக்கூடாது.

உள்ளுக்குச் சாப்பிடுவதில் எனக்கு இரண்டு தயக்கம். பற்பம், செந்தூரம், பாதரசம் சேர்ந்த சித்த மருந்துகளில் உலோகங்கள் உண்டு. மெத்தோட்ரெக்சேட்டுக்காகக் கல்லீரலையும் கிட்னியையும் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதன் மேல் இன்னொரு சுமை வேண்டாம். இரண்டாவது, பெயர்ப்பட்டை இல்லாத மூட்டுவலிப் பொடிகள். இரண்டே நாளில் அற்புதம் நடந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். அப்படிப் பிடிபட்டவை உண்டு. மேலே இடுப்பு ஊசிக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். சித்த மருத்துவரிடம் போவதானால் அரசு சித்தா பிரிவுக்குப் போங்கள், இரு பக்கமும் முழுப் பட்டியலைக் காட்டுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | வேகம் | தோலுக்கு | மறைந்திருக்கும் செலவு | பலனை மறைக்குமா |
|---|---|---|---|---|
| வலி மாத்திரை | மணிக்கணக்கில் வலி, 1–2 வாரத்தில் வீக்கம் | பொதுவாகச் சிக்கலில்லை | கேஸ் மாத்திரை, கிரியாட்டினின், பிபி | ஓரளவு |
| பாராசிட்டமால் | சுமார் ஒரு மணி நேரம் | சிக்கலில்லை | கல்லீரலுக்காக அளவு வரம்பு | இல்லை |
| ஸ்டீராய்டு மாத்திரை, இடுப்பு ஊசி | ஓரிரு நாள் | நிறுத்தும்போது ஆபத்து | சர்க்கரை, தூக்கம், படிப்படியாக இறக்கும் காலம் | முழுக்க |
| மூட்டு ஊசி | சில நாள் | ஆபத்து குறைவு, தோல் வெளுக்கலாம் | போடும் கட்டணம், சர்க்கரை ஏற்றம் | அந்த மூட்டில் மட்டும் |
| ஜெல், ஒத்தடம் | சற்று நேரத்தில் | சூடு பட்டால் படை வரலாம் | குறைவு | இல்லை |
| அசைவு, செருப்பு | வாரக்கணக்கில் | உரசல் கவனம் | நேரம், வீட்டார் உதவி | இல்லை |

டிரமடால் என்ற, மூளை வழியாக வலியை மழுக்கும் மருந்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அழற்சியைத் தொடாது, தலைசுற்றல், மலச்சிக்கல், பழக்கமாகும் ஆபத்து எல்லாம் உண்டு. மற்ற எதுவும் முடியாதபோது சில நாளைக்கு டாக்டர் தந்தால் அது வேறு.

## உங்கள் நிலை இதுவென்றால்

நாற்பது வயது, வேறு நோயில்லை, நான்கைந்து மூட்டு வீக்கம்: வலி மாத்திரையை ஒழுங்காக இரண்டு வாரம், கேஸ் மாத்திரையோடு. கூடவே அசைவு. பெரும்பாலும் இதுவே போதும்.

சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு, கிரியாட்டினின் ஓரத்தில் நிற்கிறது: வலி மாத்திரை வேண்டாம். ஜெல், பாராசிட்டமால், ஒத்தடம். ஒரு மூட்டு மட்டும் படுத்தினால், சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே மூட்டு ஊசி.

ஒரே முழங்கால், மற்றதெல்லாம் பரவாயில்லை: மூட்டு ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.

குதிகால், பாதம்தான் தொல்லை: வலி மாத்திரை, செருப்பு, பாதத்தை நீட்டும் பயிற்சி. தசைநார் ஒட்டும் இடங்களில் மெத்தோட்ரெக்சேட்டின் பலன் சுமார்தான், ஆகவே மூன்று மாதம் கழித்தும் குறையாவிட்டால் மருந்தை மாற்றும் பேச்சைச் சீக்கிரமே எடுங்கள்.

உடம்பு முழுக்கப் படை, மூட்டும் பல: ஸ்டீராய்டு மாத்திரைக்கு ஆசைப்பட மிகவும் பொருத்தமில்லாத ஆள் நீங்கள்தான். பயாலஜிக் ஊசியை முன்னதாகவே தொடங்க முடியுமா என்று கேளுங்கள். அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை செய்வார்கள், அதற்கும் சில நாள் ஆகும், இப்போதே முடித்து வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்: கணக்கே வேறு. மெத்தோட்ரெக்சேட்டே கூடாது, வலி மாத்திரைக்கும் கட்டுப்பாடு உண்டு. முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

## காத்திருக்கக் கூடாத நேரம்

கறுத்த மலம். ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று கொதித்து, கூடவே காய்ச்சல். கண் சிவந்து வலித்து, வெளிச்சம் கூசுதல். வாயெல்லாம் புண். புதிதாக வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும். இவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை இருக்காமல் அன்றே போங்கள். சிறுநீர்த் தொற்று என்று வேறு டாக்டரிடம் போனால் மெத்தோட்ரெக்சேட் எடுப்பதைச் சொல்லுங்கள். தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் இதனோடு சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்கு விழலாம். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறைதான், தினமும் அல்ல, அப்படித் தவறிப் போட்டு உயிர் போனதுண்டு. எங்கள் வீட்டில் நாள்காட்டியில் ஞாயிறு மட்டும் சிவப்பு வட்டம், அதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் போலிக் அமிலத்துக்கு வேறொரு நாளில் பச்சை வட்டம்.

அந்த நாள்காட்டியிலேயே தினமும் இரண்டு எண் எழுதினேன். காலை விறைப்பு எத்தனை நிமிடம், சட்டைப் பொத்தான் எல்லாம் போட எத்தனை நிமிடம். நான்காவது வாரம் 90, 11. கல்யாண வாரம் 10, 2, ஆனால் அது ஊசியின் கணக்கு என்று பக்கத்தில் எழுதி வைத்தேன். ஒன்பதாவது வாரம் மறுபடி 70, 8. பதின்மூன்றாவது வாரம் 25, 3. டாக்டர் என் கையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தாளைத்தான் வாங்கிப் பார்த்தார்.